பிரெஞ்சு வகுப்பா, லைப்ரரியா?

கேள்வி: திருச்சியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயில் படிப்பான், லேப்டாப்பில் ஸ்க்ரீன் ரீடர் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வைத்து வேலை செய்வான். இன்னொரு பெண்ணுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், என்று போன வருடம் பரிசோதனையில் சொல்லியிருக்கிறார்கள். பேசச் சொன்னால் வகுப்பிலேயே முதலில் வாயைத் திறப்பது அவள்தான். ஆனால் டிக்டேஷனில் 20க்கு 2, 3 வாங்குகிறாள். "ரெண்டு பேருக்கும் மொழி விலக்கு வாங்கிக் கொடுத்துடலாம். பிரெஞ்சு பீரியட்ல லைப்ரரில உட்காரட்டும்" என்கிறார் பிரின்சிபால். எங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர் கிடையாது. பாடப்புத்தகம் முழுக்கப் படங்கள். வகுப்பின் வேகம் குறைகிறது என்று மற்ற பெற்றோர் இப்போதே கேட்கிறார்கள். இவர்களை வகுப்பில் வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லதுதானா, இல்லை நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு பேரையும் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது பிடிவாதம் இல்லை. உங்கள் கடிதத்தில் எங்கேயும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. பையனுக்குப் புத்தகத்தில் இருக்கும் படம் எட்டவில்லை, பெண்ணுக்கு டிக்டேஷன் வரவில்லை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. அதைச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் விலக்கைப் பற்றிப் பேசலாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிரின்சிபாலிடம் பேச உதவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் பார்வையின்மையும் உண்டு, டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதியைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து கற்பிக்கும் முறையை அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. பிரின்சிபால் சொல்லும் விலக்கு 17ஆம் பிரிவில் வருகிறது. தேர்வில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்), இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே பிள்ளைக்கான வசதிகள். பிள்ளையும் பெற்றோரும் கேட்டால் விலக்கு கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவர்கள் கேட்காதபோது பள்ளி தானாகக் கையில் எடுத்துக் கொடுத்தால், அது பிள்ளையை வெளியே அனுப்பும் வேலையாகிவிடும். எட்டாம் வகுப்பில் பிரெஞ்சை விட்ட பிள்ளை பத்தாம் வகுப்பில் ஆசைப்பட்டாலும் திரும்பி வர முடியாது என்பதையும் அந்த அம்மா அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

சரி, பையனிடம் வருவோம்.

பிரெயில் பிறந்ததே பிரெஞ்சில்தான் என்று அவனிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? லூயி பிரெயில் 1829இல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டபோது அது பிரெஞ்சு எழுத்துகளுக்காகச் செய்தது. டபிள்யூ எழுத்துக்குப் பிரெஞ்சில் அதிக வேலை இல்லாததால் அவர் அதைச் சேர்க்கவில்லை. பிற்பாடு சேர்த்தார்கள். அதனால்தான் யூ, வி, எக்ஸ், ஒய், இசட் எல்லாம் ஓர் ஒழுங்கில் வர, டபிள்யூ மட்டும் அந்த வரிசையில் சேராமல் நிற்கிறது. சின்ன வயதில் அந்த எழுத்தை மட்டும் தனியாக மனப்பாடம் செய்திருப்பான். காரணம் தெரிந்தால் அவனுக்குப் பிடிக்கும், இதை வகுப்புக்கே சொல்லும்படி அவனையே கேட்கலாம்.

இப்போது சிக்கல் வரும் இடம். ஆங்கிலத்தில் அவன் சுருக்கப் பிரெயில் (ஒரு சொல்லையோ எழுத்துக் கூட்டத்தையோ ஒரே குறியால் காட்டும் முறை) படித்தவனாக இருந்தால், பிரெஞ்சில் தலையிலோ அடியிலோ குறி போட்ட எழுத்துகள் பல அவன் விரலுக்கு ஆங்கிலச் சொற்களாகத் தெரியும். பிரெயிலில் ஒவ்வொரு குறியும் 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஆறு புள்ளிகளில் சிலவற்றாலோ எல்லாவற்றாலுமோ ஆனது. ஆறு புள்ளியும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார்'. பிரெஞ்சில் அதுவே அக்சான் தேகு (மேலே வலப்பக்கம் ஏறும் சின்னக் கோடு) போட்ட ஈ. 2, 3, 4, 6 சேர்ந்தால் அங்கே 'தி', இங்கே அக்சான் கிராவ் (மேலே இடப்பக்கம் ஏறும் கோடு) போட்ட ஈ. 1, 2, 3, 4, 6 அங்கே 'அண்ட்', இங்கே அடியில் செடீய் என்ற கொக்கி போட்ட சி. 'ஆஃப்' என்பது கிராவ் போட்ட ஏ ஆகும், 'வித்' என்பது கிராவ் போட்ட யூ ஆகும். இதை யாரும் சொல்லித்தராமல் ஒரு பிரெஞ்சுப் பக்கத்தைக் கையில் கொடுத்தால், பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் 'எக்கோல்' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே அவன் 'ஃபார்' என்று படித்துவிட்டு நிற்பான். அதைப் பார்க்கும் நாம் இவனுக்கு மொழி வரவில்லை என்று எழுதி வைத்துவிடுவோம்.

பயப்பட வேண்டாம். ஒரே புள்ளிகள் இரண்டு மொழியில் இரண்டு எழுத்தாக இருப்பது அவனுக்கு ஏற்கெனவே பழக்கம். 3, 4, 5 தமிழ்ப் பிரெயிலில் ஆ, ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ-ஆர். தமிழ்ப் பக்கம் எடுத்தால் அவன் விரல் தானாகத் தமிழுக்கு மாறுகிறது. பிரெஞ்சுக்கும் அப்படி மாற ஒரு பட்டியல் வேண்டும், கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். குறி போட்ட எழுத்துகளை மட்டும் ஓர் அட்டையில் அவனையே ஸ்லேட் ஸ்டைலஸால் (பிரெயில் குத்தும் சட்டமும் ஊசியும்) குத்தி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் அந்தச் சில எழுத்துகளின் புள்ளிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அவன் தப்பாகப் படிக்கும்போது ஏன் என்று உடனே பிடிபடும்.

அடுத்தது லேப்டாப். அவனிடம் என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடர் இருக்கலாம். இலவச மென்பொருள், கூடவே வரும் குரலில் பிரெஞ்சும் உண்டு. ஆனால் நீங்கள் வேர்டில் தயாரித்து அனுப்பும் பாடத்தில் இது பிரெஞ்சு என்று கணினிக்குச் சொல்லாவிட்டால், அது ஆங்கிலக் குரலில் பிரெஞ்சைப் படிக்கும். 'லேஸான்ஃபான்' (பிள்ளைகள்) என்று வர வேண்டிய இடத்தில் 'லெஸ் என்ஃபண்ட்ஸ்' என்று அவன் காதில் விழும். வாரக்கணக்கில் இப்படிக் கேட்ட பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துவது பெரும்பாடு. பிரெஞ்சுப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ மெனுவில் லாங்குவேஜ் போய், ப்ரூஃபிங் மொழியைப் பிரெஞ்சு என்று வையுங்கள். அவன் பக்கத்தில் என்.வி.டி.ஏ. அமைப்புகளில் தானாக மொழி மாறும் வசதி டிக் ஆகியிருக்க வேண்டும். சில நிமிட வேலை. பாடத்தைப் புகைப்படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஸ்க்ரீன் ரீடர் அதில் இருக்கும் எழுத்தை நேராகப் படிக்காது.

இங்கே இன்னொன்றும் உண்டு, நிறையப் பள்ளிகள் கோட்டைவிடும் இடம். ஆடியோ கொடுத்துவிட்டோமே, பிரெயில் எதற்கு என்று கேட்பார்கள். பிரெஞ்சுக்கு ஆடியோ மட்டும் போதவே போதாது. 'அவன் சாப்பிடுகிறான்', 'அவர்கள் சாப்பிடுகிறார்கள்' இரண்டுமே காதுக்கு 'இல் மான்ஜ்' தான். பன்மையில் இல் என்பதோடு ஓர் எஸ் சேருகிறது, வினைச்சொல் கடைசியில் ஈ-என்-டி என்று மூன்று எழுத்து வருகிறது, எதற்கும் சத்தம் கிடையாது. கேட்டே படிக்கும் பிள்ளைக்கு அந்த எழுத்துகள் இருப்பதே தெரியாது. பரீட்சையில் மதிப்பெண் போவதோ அங்கேதான். ஆகவே வினைச்சொல் அட்டவணைகளையாவது பிரெயிலில் கொடுங்கள். முடியாத நாளில், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

பதிப்பாளரின் புத்தகத்தை ஸ்கேன் செய்யலாமா, தட்டச்சு செய்து கொடுக்கலாமா என்று தயங்குவீர்கள். தாராளமாகச் செய்யலாம். 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்க அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான், 2014இல். லாபத்துக்கு விற்காமல், அந்தப் பிள்ளைக்காகச் செய்கிறீர்கள் என்றால் கவலை வேண்டாம்.

படங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். எனக்கு அதில்தான் ஆசை அதிகம். 'இந்தப் படத்தில் என்ன இருக்கிறது, சொல்' என்று கேட்கும் பயிற்சியை யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் முன்னால் இருக்கும் படத்தை எல்லோருக்குமே விவரிக்கிறார்கள். யாருக்கும் அது தேவையில்லை. பார்வையற்ற பையன் ஒருவன் எதிரில் இருந்தால் அந்தப் பயிற்சிக்கு முதல் முறையாக ஓர் அர்த்தம் வருகிறது. பக்கத்துப் பிள்ளை பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அவன் பிரெஞ்சில் கேள்வி கேட்க வேண்டும்: யார் இருக்கிறார்கள், எங்கே, எத்தனை பேர், என்ன நிறச் சட்டை? பிறகு அவன் தன் வார்த்தையில் வகுப்புக்குச் சொல்லட்டும், மற்றவர்கள் படத்தோடு ஒத்துப் பார்க்கட்டும். 'மேல்', 'கீழ்', 'உள்ளே' மாதிரிச் சொற்களுக்குப் படமே வேண்டாம். ஒரு டிபன் பாக்ஸும் பேனாவும் போதும், பேனாவைப் பாக்ஸுக்கு அடியில் வைத்து அவன் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

போர்டில் எழுதும்போது எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள், குறியோடு சேர்த்து. 'இதைப் பாருங்கள்', 'அங்கே எழுதியிருக்கிறதே' என்பதற்குப் பதில் சொல்லையே சொல்லுங்கள். கடைசி பெஞ்சுக்கும் இதனால் புரியும்.

அடுத்து அந்தப் பெண். பேச்சில் முந்தி, டிக்டேஷனில் 2 வாங்கும் பிள்ளை என்றால் மொழியின் எந்தப் பக்கத்தில் இடறுகிறாள் என்று கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அமெரிக்காவில் லியோனோர் கான்ஷோ, ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பல வருடம் இதையே ஆராய்ந்தார்கள். வெளிநாட்டு மொழியில் தடுமாறும் மாணவர்களுக்குத் தாய்மொழியிலேயே ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் ஒரு மெல்லிய சிரமம் இருக்கும், புதிய மொழியில் அது பெரிதாகத் தெரியும் என்றார்கள். சோம்பலோ ஆர்வமின்மையோ இதற்குக் காரணம் இல்லை. மொழியும் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். 2001இல் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், மூளையில் தெரிந்த வேறுபாடு மூவருக்கும் ஒன்றுதான். ஆனால் எழுதியபடியே படிக்கும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்ற இருவரையும்விட நன்றாகப் படித்தார்கள். உங்கள் மாணவிக்கு வாய்த்தது பிரெஞ்சு. 'ஓ' என்ற ஒரே ஒலியை ஓ என்றும் எழுதலாம், ஏ-யூ என்றும் எழுதலாம், ஈ-ஏ-யூ என்றும் எழுதலாம். அதற்குப் பின்னால் ஒரு டி-யோ எக்ஸ்-ஓ சத்தமில்லாமல் வந்து நிற்கும். மற்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்து இதைத் தாமாகப் பிடித்துக்கொள்வார்கள். அவள் அப்படிப் பிடிக்க மாட்டாள், யாராவது வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்.

எப்படி? ஒரு வாரத்துக்கு ஓர் ஒலி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் 'ஓ' என்றால் அதன் மூன்று எழுத்துமுறைகளையும் மூன்று அட்டையில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் அவளுக்குப் பேச்சில் ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல். தண்ணீருக்கு 'ஓ' என்று சொல்வது அவளுக்குத் தெரியும், அதையே ஈ-ஏ-யூ அட்டைக்கு வையுங்கள். அட்டையைப் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மேசையில் எழுதிப் பார்க்கட்டும், மூன்றும் ஒரே நேரத்தில். சாமுவேல் ஆர்டன், ஆனா கில்லிங்ஹாம் இருவரும் 1930களில் ஆங்கிலம் படிக்கத் தடுமாறிய பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை இது, வெளிநாட்டு மொழி வகுப்புக்கும் கான்ஷோவும் ஸ்பார்க்ஸும் இதைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்குப் புதுச் சொல் ஐந்தாறு போதும். ஆண்பால் சொல் ஒரு நிற மையில், பெண்பால் சொல் இன்னொரு நிறத்தில் எழுதப் பழக்குங்கள். பிரெஞ்சில் மேசைக்கும் நாற்காலிக்கும்கூடப் பால் உண்டு என்பதால் இது வகுப்பு முழுவதற்குமே உதவும்.

டிக்டேஷனை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். முழுப் பத்தியையும் எழுதச் சொல்வதற்குப் பதில், பத்தியை அச்சடித்துக் கொடுத்து, அந்த வாரத்து ஒலி வரும் சொற்களுக்கு மட்டும் இடம் விடுங்கள். கேட்டு அதை நிரப்பட்டும். மதிப்பெண்ணையும் இரண்டாகப் பிரியுங்கள்: கேட்டது புரிந்ததா என்பதற்குப் பாதி, எழுத்துக்குப் பாதி. 20க்கு 2 என்ற எண் அவளைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. கேட்டது புரிந்ததற்கு 10க்கு 9, எழுத்துக்கு 10க்கு 2 என்று வந்தால் உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும் எங்கே வேலை இருக்கிறது என்று தெரியும். அவளுக்கும் தன்னால் எது முடிகிறது என்று தெரியும், பதின்மூன்று வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நீங்கள் அறியாததில்லை.

திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு எந்தப் பத்தி என்று முந்தின நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் பார்த்துவிட்டு வருவாள். அச்சடித்த தாளில் எழுத்து பெரிதாக, வரிகளுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருக்கட்டும். ஒருமுறை தமிழ்ப் புத்தகத்திலும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஊகித்துப் படிக்கிறாள், எங்கே எழுத்தை விழுங்குகிறாள் என்று குறித்துக்கொண்டால், பிரெஞ்சில் எங்கே கைகொடுக்க வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

காது சரியாகக் கேட்காத பிள்ளை உங்கள் வகுப்புக்கு நாளைக்கு வரலாம். அப்போது எழுதியது எல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பலம், லிசனிங் பரீட்சைதான் தடை. ஒலிப்பதிவுக்குப் பதில் நீங்களே முகம் தெரிய நின்று வாசிப்பது முதல் படி.

மற்ற பெற்றோருக்குச் சொல்லும் பதில் சுருக்கமாக இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன குறைபாடு என்று அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை, விளக்கவும் கூடாது. பாடத்திட்டம் இந்த மாதம் எதுவரை முடிந்திருக்கிறது என்பதைக் காட்டுங்கள், போதும். வகுப்புக்குள் உதவிக்கு ஒரே பிள்ளையை நிரந்தரமாகப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். நல்ல மனசுள்ள ஒரு பெண்ணிடம் அந்தப் பொறுப்பைக் கட்டிவிடுவது நம் பள்ளிகளில் வழக்கம். கொஞ்ச நாளில் அவளுக்கும் சுமை, உதவி பெறுகிறவனுக்கும் கூச்சம். வாரம் ஒருவராக மாற்றுங்கள். அந்தப் பையனும் யாருக்காவது உதவும் முறை அதில் வரட்டும், உச்சரிப்பில் அவன் காது மற்றவர்களைவிடக் கூர்மையாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிரின்சிபாலிடம் வாய்ப்பேச்சாகப் பேசாதீர்கள். ஒரே பக்கம் எழுதிக் கொடுங்கள்: இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தப் பருவம் முழுக்க இன்ன மாற்றங்கள் செய்யப் போகிறேன், பருவ முடிவில் இன்ன மதிப்பெண்களைப் பார்த்துப் பெற்றோரோடு உட்கார்ந்து முடிவு செய்வோம், அதுவரை விலக்கு விண்ணப்பம் வேண்டாம். அவருக்கும் தேதி போட்ட ஒரு திட்டம் கையில் இருந்தால் பெற்றோரைச் சமாளிக்க எளிது. பருவ முடிவில் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள், தொடர வேண்டுமா என்று. அந்தப் பெண் யோசித்துவிட்டு, "வேண்டாம் மிஸ், இந்த நேரத்துல நான் வேற பாடம் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் விலக்கு வாங்கிக் கொடுங்கள், மனத்தாங்கல் இல்லாமல். அது அவள் எடுத்த முடிவு.

கடைசியாகத் தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சி.பி.எஸ்.இ. 3 மணி நேரத் தாளுக்கு 1 மணி நேரம் கூடுதலாகத் தருகிறது, ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளலாம், படம் வரும் கேள்விக்குப் பார்வையற்றவர்களுக்கு மாற்றுக் கேள்வி உண்டு. சான்றிதழ்களை ஒன்பதாம் வகுப்பிலேயே தயார் செய்துவிடச் சொல்லுங்கள். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வை எழுத ஆசைப்பட்டால் பதிவு செய்யும்போதே மருத்துவச் சான்றோடு கேட்க வேண்டும், தேர்வன்று கேட்டால் ஒன்றும் நடக்காது. ஸ்க்ரைப்பாக வருகிறவருக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு தெரியாது. 'எக்கோல்' என்று பையன் சொன்னால் அவருக்கு எழுதத் தெரியாது. 'ஈ அக்சான் தேகு, சி, ஓ, எல், ஈ' என்று எழுத்தெழுத்தாக அவன்தான் சொல்ல வேண்டும், 3 மணி நேரத்துக்கும் அதே வேகத்தில். பத்தாம் வகுப்பில் போய்த் தொடங்கினால் இது வராது. அடுத்த வகுப்புத் தேர்விலிருந்தே பிரெஞ்சு படிக்காத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் எழுத உட்கார வைத்து, ஒரு பத்தியாவது இப்படிச் சொல்லி எழுத வைத்துப் பழக்குங்கள்.